பகையாளி வீட்டுத் தண்ணீர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய வெள்ளிக்கு மறுநாள் தங்கள் நாளிதழின் வாசகர் பக்கத்தில் அன்பர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். பகைவரை நேசியுங்கள் என்னும் போதனை பிரசங்க மேடைக்கு அழகாக இருக்கலாம், வெட்டும் குத்துமாகக் கிடக்கும் திருநெல்வேலிச் சீமைக்கு அது ஒத்துவராது, அடிபட்டவனை மேலும் அடங்கிப்போகச் சொல்வதற்கே அது பயன்படுகிறது என்பது அவர் கருத்து. அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அவர் மறுப்பது கிறிஸ்தவம் சொல்வதை அன்று, கிறிஸ்தவர்களாகிய நாங்கள் அதைப் பெரும்பாலும் சொல்லிவரும் விதத்தைத்தான் என்று எனக்குத் தோன்றியது. அதனால் இதை எழுதுகிறேன்.

பெரிய வெள்ளியன்று எங்கள் கோயில்களில் சிலுவையில் சொல்லப்பட்ட ஏழு வார்த்தைகளை மூன்று மணி நேரம் தியானிப்பது வழக்கம். "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்பது அவற்றுள் முதலாவது. இதைக் கேட்கும்போது இளகிய மனம் படைத்த ஒருவரின் பெருந்தன்மை என்று மட்டும் எண்ணிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். மன்னிப்பு என்ற சொல்லே குற்றம் ஒன்று நடந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நடந்தது ஒன்றுமில்லை என்று இயேசு சொல்லவில்லை. நடந்த அநியாயம் முழுவதையும் தம் உடம்பில் வாங்கிக்கொண்டு, அதைத் திருப்பிக் கொடுக்காமல் தம்மோடு நிறுத்திக்கொண்டார் என்பதே சபையின் விசுவாசம். தீமை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிக்கொண்டே இருந்தால்தான் உயிர்வாழும். வாங்கியவர் திருப்பித் தராதபோது அதற்குப் போக்கிடம் இல்லாமற்போகிறது. இன்னொன்றும் உண்டு. நாம் தேவனுக்குச் சத்துருக்களாயிருக்கையிலேயே அவரோடே ஒப்புரவாக்கப்பட்டோம் என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தின், அதாவது கடிதத்தின், 5ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலர் பவுல் எழுதுகிறார். ஆகவே எங்கள் சமயத்தில் பகைவனை நேசிப்பது நல்லவர்கள் கெட்டவர்கள்மேல் காட்டும் தயவு அன்று. மன்னிப்புப் பெற்ற பகைவன் ஒருவன் இன்னொரு பகைவனை எப்படி நடத்த வேண்டும் என்பதே அங்கே கேள்வி.

அதே நிருபத்தின் 12ஆம் அதிகாரம் "தீமையை நன்மையினாலே வெல்லு" என்று முடிகிறது. எங்கள் வீட்டுச் சுவர்களில் மாட்டியிருக்கும் வசன அட்டைகளில் இந்த ஒரு வரி மட்டும் இருக்கும். அதற்கு முந்தின வசனத்தை அச்சிட்ட அட்டையை நான் பார்த்ததில்லை. உன் சத்துரு பசியாயிருந்தால் போஜனங்கொடு, தாகமாயிருந்தால் பானங்கொடு என்பது அந்த வசனம். பவுல் அதை நீதிமொழிகள் நூலிலிருந்து எடுத்தாள்கிறார். நம் பக்கத்துப் பகையின் இலக்கணம் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு கூர்மையான கட்டளை என்பது விளங்கும். இரண்டு குடும்பங்களுக்கு ஆகவில்லை என்றால் நாம் முதலில் சொல்வது, "அவுக வீட்டுல கை நனைக்க மாட்டோம்" என்பதுதான். நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து நின்றுவிடும். பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டோம். அன்பை ஓர் உணர்ச்சியாக மட்டும் பேசிக்கொண்டிருந்தால் தப்பித்துக்கொள்ளலாம். ஒரு செம்புத் தண்ணீராக நம் கையில் கொடுத்து, கொண்டுபோய்க் கொடு என்றால் தப்பிக்க வழியில்லை.

அடிபட்டவனை அடங்கிப்போகச் சொல்வது என்று அன்பர் சொன்னதற்கும் இதே நிருபத்தில் பதில் இருக்கிறது. 12ஆம் அதிகாரம் பழிவாங்குதலை நம் கையிலிருந்து எடுத்துவிடுகிறது. உடனே தொடரும் 13ஆம் அதிகாரம் தீமை செய்கிறவனைத் தண்டிக்கும் பொறுப்பை அதிகாரத்தில் இருப்பவர்களிடம் ஒப்படைக்கிறது. புகார் கொடுப்பதும், சாட்சி சொல்வதும், நீதிமன்றம் தண்டனை விதிப்பதும் பகைவரை நேசிப்பதற்கு முரணானவை அல்ல. அரிவாளைக் கீழே போட்டவன்தான் சாட்சிக் கூண்டில் ஏற முடியும்.

என் தகப்பனாரைப் பற்றிச் சொல்லாமல் இதை விளக்க எனக்குத் தெரியவில்லை. சாத்தான்குளத்துக்குத் தெற்கே தேரிமண் காட்டில் எங்களுக்குக் கொஞ்சம் நிலமும் பனைகளும் இருந்தன. எல்லைத் தகராறில் நெருங்கிய பங்காளி ஒருவர், நாங்கள் வளர்த்த வடலிகளை, அதாவது இளம் பனைகளை, ஓரிரவில் வெட்டிச் சாய்த்துவிட்டார். வடலி பனையாகிப் பலன் தர எத்தனை ஆண்டு ஆகும் என்பது அந்த மண்ணில் பிறந்தவர்களுக்குத் தெரியும். அப்பா வழக்குப் போட்டார். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே மழை பொய்த்த கோடை ஒன்றில் பங்காளியின் கிணறு வறண்டது. எங்கள் கிணற்றில் தண்ணீர் கிடந்தது. அப்பா எங்கள் சபை ஊழியரான உபதேசியார் மூலம், "மாடுகளைப் பத்திவிடச் சொல்லுங்க, வாயில்லா ஜீவனுக்கு வழக்கு இல்ல" என்று சொல்லி அனுப்பினார். முதல் மூன்று நாள் யாரும் வரவில்லை. நான்காம் நாள் மாடுகளை ஒரு சிறுவன் பத்திக்கொண்டு வந்தான். பங்காளி கடைசிவரை வரவில்லை. அப்பா வழக்கையும் வாபஸ் வாங்கவில்லை. நட்டத்துக்கு ஈடு கிடைத்த பிறகுதான் அது முடிந்தது. அவர்கள் இருவரும் சாகும்வரை அதிகம் பேசிக்கொள்ளவுமில்லை. மனம் மாறிக் கட்டித் தழுவினார்கள் என்று நான் எழுதினால் பிரசங்கத்துக்கு உதவும், உண்மைக்கு உதவாது. ஆனால் மாடு பத்திவந்த அந்தச் சிறுவனும் நானும் ஒரே பள்ளிக்கூடத்துக்கு ஒன்றாக நடந்து போனோம். எங்கள் தகப்பன்மாரின் பகை எங்களுக்குச் சொத்தாக வந்து சேரவில்லை.

சத்துருவுக்குப் போஜனமும் பானமும் கொடுக்கச் சொல்லும் அந்த வசனம், இப்படிச் செய்தால் அவன் தலைமேல் நெருப்புத் தழலைக் குவிப்பாய் என்று முடிவதைச் சிறுவயதில் நான் நுட்பமான பழிவாங்கல் என்றே நினைத்திருந்தேன். அதே உபதேசியார் வேறு மாதிரிச் சொன்னார். தீப்பெட்டி அருமையாக இருந்த காலத்தில் அடுத்த வீட்டுக்குச் சிரட்டையோடு போய்க் கங்கு வாங்கிவந்து அடுப்பு மூட்டுவார்கள் அல்லவா, அணைந்துபோன அடுப்புக்காரனுக்குக் கங்கு கொடுத்தனுப்புவதுதான் அது என்றார். வேத அறிஞர்கள் இதை ஒப்புவார்களா என்பது வேறு விஷயம். வெட்கத்தால் சுடுவதையே அது குறிக்கிறது என்பாரும் உண்டு. எனக்கு உபதேசியார் விளக்கமே போதும்.

இனி, கடிதம் எழுதிய அன்பரை முழுவதுமாக ஒப்புக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினத்தைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவரும் அவரைக் காக்கப்போன தங்கையும் உடன்படித்தவர்களாலேயே அவர்களது வீட்டுக்குள் வெட்டப்பட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு வீட்டு வாசலில் போய் நின்று மன்னிப்பைப் பற்றிப் போதிக்க வெளியாட்களுக்கு எந்த உரிமையும் கிடையாது. மன்னிப்பது காயம்பட்டவருடைய உரிமை; மற்றவர்கள் அதைக் கேட்டு வாங்கவோ நாள் குறிக்கவோ கூடாது. அங்கே நன்மையினாலே தீமையை வெல்லும் கடமை நம்முடையது: சிகிச்சைக்கும் படிப்புக்கும் பாதுகாப்புக்கும் துணைநிற்பதும், கையில் சாதிக் கயிறு கட்டிவரும் பிள்ளையை அதன் பெற்றோரே அவிழ்க்கச் சொல்வதும் அதில் அடங்கும். அந்தக் கொடுமைக்குப் பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழுவும் 2024 ஜூனில் தந்த அறிக்கையில் கயிறுகளுக்குத் தடை கேட்டது. வீட்டில் பெற்றோர் அவிழ்க்காத கயிற்றைப் பள்ளி வாசலில் ஆசிரியர் எத்தனை நாள் அவிழ்த்துக்கொண்டிருப்பார்?

எங்கள் சபைகளும் இதில் வெள்ளை வேட்டி கட்டி ஒதுங்கி நிற்க முடியாது. திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்துக்குப் போனால் நான் சொல்வது புரியும். நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் 1745இல் ஞானஸ்நானம் பெற்றது அந்த ஊரில்தான். விசுவாசத்துக்காகப் பலவிதமாக வதைக்கப்பட்டு, 1752இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவரைத்தான் 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதராக அறிவித்தார்கள். அதே வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயில், சாதிக்கு ஒரு பக்கமாக இரண்டு கிளைகள் பீடத்தில் வந்து சேரும்படி கட்டப்பட்டது. நடுவே சுவரும் இருந்தது. அதை இடிக்க 1910 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, இடித்த பிறகும் விவகாரம் நீதிமன்றம் வரை போனது. சிலுவையைப் பார்த்துக்கொண்டே அத்தனை ஆண்டுகள் சுவருக்கு இருபுறமும் முழந்தாளிட முடிந்திருக்கிறது நம்மால். நான் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபையைச் சேர்ந்தவன். கத்தோலிக்கரைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் செங்கல் சுவர் இல்லை, அவ்வளவுதான். சபைகளை நிர்வகிக்கும் திருமண்டலத்துக்குத் தேர்தல் வந்தால் எந்தச் சேகரத்தில், அதாவது எந்தச் சபைத் தொகுதியில், யார் யாரோடு நிற்கிறார்கள் என்பதைச் சாதியைக் கொண்டும் பழைய வழக்குகளைக் கொண்டும் கணக்கிடுகிறவர்களும் ஞாயிறன்று ஒரே திருவிருந்தில்தான் பங்கு பெறுகிறோம்.

எங்கள் சபைகளில் அசனம் என்றொரு நல்ல வழக்கம் இருக்கிறது. ஊர் கூடிச் சமைத்து, எந்தச் சமயத்தார் வந்தாலும் பந்தியில் உட்காரவைத்துச் சோறு போடுவார்கள். பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பங்கள் ஒன்றுக்கொன்று பரிமாற ஓர் ஆண்டு குருவானவர்கள் ஏற்பாடு செய்து பார்க்கலாம். முதல் ஆண்டு இரண்டு குடும்பம் இசைந்தாலே பெரிது.

தங்களிடமும் ஒரு விண்ணப்பம். கொலைச் செய்திகளில் "பழி தீர்த்த கும்பல்", "பழிக்குப் பழி" என்று தலைப்பிடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். தீர்த்தது என்றால் கணக்கு முடிந்தது என்று பொருள். அடுத்த தரப்பு வீட்டில் அந்தத் தலைப்பைப் படிக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு, இப்போது தன் முறை என்று அது சொல்லிக்கொடுக்கிறது. கொலை என்று மட்டும் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.