வலசைப் பறவைகளைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது

மூலைக்கரைப்பட்டி

அன்புள்ள கவிதா,

இங்கே அனைவரும் நலம். உன் வகுப்புப் பிள்ளைகளுக்கு வலசைப் பறவைகளைப் பற்றியும் அவற்றைக் காப்பதைப் பற்றியும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டு எழுதியிருந்தாய். முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட்டுத் தொடங்கு. நம் பக்கத்துக் கூந்தன்குளம் பறவைச் சரணாலயத்துக்கு வரும் வெளியூர்க்காரர்கள், மரம் நிறையக் கூடு கட்டியிருக்கும் மஞ்சள்மூக்கு நாரையைக் காட்டி, அது சைபீரியாவிலிருந்து வந்தது என்று பிள்ளைகளிடம் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அது நம் நாட்டுப் பறவை, கூழைக்கடாவும் அப்படியே. மழையையும் குளத்து நீரையும் பார்த்து ஊர் மாறுமே தவிர, குஞ்சு பொரிப்பது இங்கேதான். குளிர்காலத்தில் இமயமலையைக் கடந்து அதே குளத்துக்கு வரும் வரித்தலை வாத்தோ இங்கே ஒரு முட்டைகூட இடுவதில்லை; அது கூடு கட்டுவதெல்லாம் மங்கோலியா, திபெத் பக்கத்து ஏரிகளில்தான். கூடு கட்டும் இடமே பறவையின் சொந்த ஊர் என்று சொல்லிவிட்டால், பத்து வயதுப் பிள்ளைக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வலசைப் பறவைகள் குளிருக்குப் பயந்து வருகின்றன என்று சொல்லி முடித்துவிடாதே. இறகு குளிரைத் தாங்கும். ஆனால் மண்ணைப் பனி மூடி, நீர் உறைந்துபோனால் இரை கிடைக்காது. அப்படியானால் இங்கேயே தங்கிவிடலாமே என்று யாரேனும் ஒரு பிள்ளை கேட்கும், கேட்க வேண்டும். வடக்கே கோடையில் பகல் மிக நீளம். பூச்சிகள் பெருகிக் கிடக்கும். குஞ்சுகளுக்கு நெடுநேரம் இரை தேடி ஊட்டலாம். அதற்காகத்தான் அவ்வளவு தொலைவு திரும்பிப் போகின்றன.

வாத்தைவிடச் சோளக்குருவியைப் பற்றிச் சொல்வது எளிது என்பது என் எண்ணம். கறுத்த தலையும் இளஞ்சிவப்பு உடலுமாகக் கூட்டம் கூட்டமாக வந்து சோளக்கொல்லையில் இறங்கும் அந்தக் குருவியை நம் பக்கத்து விவசாயிகள் தகரம் தட்டி விரட்டுவதில் வியப்பில்லை. ஆனால் அதே குருவி மத்திய ஆசியாவில் கற்குவியல்களின் இடுக்கில் கூடு கட்டி, வெட்டுக்கிளிகளைத் தின்று, குஞ்சுகளுக்கும் அவற்றையே ஊட்டி வளர்க்கிறது. சீனாவின் சின்ஜியாங் பகுதியில், வெட்டுக்கிளியைக் கட்டுப்படுத்த இக்குருவியை வரவழைப்பதற்காகவே கற்களைக் குவித்து இடம் அமைத்துத் தருகிறார்கள். ஓர் ஊரில் நட்டம் செய்யும் பறவை இன்னோர் ஊரின் பயிரைக் காக்கிறது என்றால், அதை யார் காக்க வேண்டும் என்று பிள்ளைகளையே வாதிட விடு. விடையை நீ சொல்லாதே.

பாதுகாப்பு என்றதும் நாகாலாந்தின் பங்தி கிராமத்தைச் சொல். சைபீரியாவின் தென்கிழக்கிலும் வட சீனாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும் வழியில் டோயாங் நீர்த்தேக்கத்தருகே இளைப்பாறும் அமுர் வல்லூறுகளை, 2012இல் அங்கே பல்லாயிரக்கணக்கில் வலைவைத்துப் பிடித்து விற்றார்கள். அதைக் கேட்டவுடன் பிள்ளைகள் அந்த ஊர்க்காரர்களைக் கொடியவர்கள் என்று தீர்த்துவிடுவார்கள். அதற்கு இடம் கொடாதே. அணை கட்டியபோது விளைநிலம் நீரில் மூழ்கியவர்கள் அவர்கள். ஆண்டுக்கொரு முறை கிடைத்த அந்தப் பணம் அவர்களுக்குப் பெரிது. அப்படியிருந்தும் ஊர்ச் சபைகள் கூடித் தடை விதித்து, மறு ஆண்டே வலைகளை எடுத்துவிட்டன. 2013இல் மூன்று வல்லூறுகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தியபோது அவற்றில் ஒன்றுக்குப் பங்தி என்றே பெயர் வைத்தார்கள். இங்கே கூந்தன்குளத்தில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காததும் ஊர் எடுத்த முடிவுதான். பறவை எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமாவதும் அதற்கு ஒரு காரணம், அதை மறைக்க வேண்டியதில்லை.

உன் பள்ளிக்குப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பக்கம்தானே. 2022இல் அது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது என்பதைவிட, கருவால் மூக்கன் என்னும் வலசைப் பறவை இரை தேடுவதைப் பிள்ளைகள் பார்ப்பது முக்கியம். முழங்கால் அளவு நீரில் நின்று, நீண்ட அலகை அடிவரை சேற்றுக்குள் விட்டு, கண்ணால் காண முடியாத புழுவை அலகு நுனியாலேயே தொட்டறிந்து எடுக்கும். அந்தச் சேறும் ஆழமற்ற நீரும் இல்லையென்றால் அதற்குப் பிழைப்பில்லை. ஏரியை ஒரே ஆழமாகத் தோண்டி, கரையைச் சுற்றிச் சிமெண்ட் நடைபாதை போட்டு அழகுபடுத்தியதாகச் சொல்லிக்கொள்கிறார்களே, அது குப்பை கொட்டுவதற்கு ஏறத்தாழச் சமமான கேடு என்பேன். இதைப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னால் பெற்றோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும்.

பிப்ரவரி 2 உலக ஈரநில நாளுக்கு ஓவியப் போட்டி வைக்கப் போவதாக எழுதியிருந்தாய். அதற்குப் பதில் அன்று காலை வெயில் ஏறுமுன் அவர்களை அழைத்துப் போய் எண்ணச் சொல். இனம் தெரியாவிட்டால் பரவாயில்லை. வாத்து எத்தனை, நீண்ட காலுடையவை எத்தனை, சேற்றில் ஓடும் சிறியவை எத்தனை என்று பிரித்து எழுதினால் போதும். இரண்டு பைனாகுலர்களை முறைவைத்துப் பயன்படுத்தலாம். பளிச்சென்ற நிறத்தில் உடுத்த வேண்டாம் என்று முன்னரே சொல்லிவிடு. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், கருவால் மூக்கன் ஆகியவற்றின் படங்களை இந்த வாரமே தபாலில் அனுப்புகிறேன். வேறெந்தப் பறவையின் படம் வேண்டும் என்று எழுது.

அன்புடன்,
அம்மா