முகாம் என்ற களம் தீர்த்துவைக்கும் சிக்கல்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறுவர் தொடர்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், ‘சல்யூட் யுவர் ஷார்ட்ஸ்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடர் நிலைத்து நிற்பதற்குப் பிள்ளைகளின் சேட்டைதான் காரணம் என்று எழுதியிருந்தீர்கள். சேட்டை இல்லாத சிறுவர் தொடர் எது? 1991, 92-இல் நிக்கலோடியன் என்ற சிறுவர் சேனலில் 26 பகுதிகளே வந்த இந்தத் தொடரை உருவாக்கிய ஸ்டீவ் ஸ்லாவ்கினுக்குக் கிடைத்த பெரிய பலம், விடுமுறையில் பிள்ளைகள் வீட்டைவிட்டு வந்து தங்கும் கோடை முகாம் என்ற களம். கட்டுரை அதைத் தொடவே இல்லை.

பிள்ளைகளை வைத்துப் படமெடுப்பதில் முதல் இடைஞ்சல் நேரம். இந்தத் தொடர் எடுக்கப்பட்ட கலிஃபோர்னியாவின் விதிப்படி 9 முதல் 15 வயது வரையுள்ளவர்கள் பள்ளி நாளில் தளத்தில் 9 மணி நேரம் இருக்கலாம். நடிப்புக்கு 5, பாடத்துக்கு 3, ஓய்வுக்கு 1. பள்ளி இல்லாத நாளில் நடிப்பு 7 மணி வரை போகலாம். அதனால் எல்லாரும் சேர்ந்து நிற்கும் அகலமான ஷாட்டை முதலில் எடுத்து, உடனே பிள்ளைகளின் குளோசப்புகளை முடித்துவிட வேண்டும். பெரியவர்களின் குளோசப் கடைசிக்குப் போகலாம். எதிரே பிள்ளை நிற்க வேண்டும் என்பதில்லை. வரிசை மாறினால் பிள்ளையின் நேரம் தீர்ந்து, அந்த முகபாவம் கிடைக்காமலே போகும். சிரிப்பு வருவதே அந்த முகபாவத்தில்தானே!

இங்கேதான் டாக்டர் கான் பாத்திரத்தின் அருமை தெரிகிறது. தொடரில் வரும் கேம்ப் அனவானா என்ற முகாமின் தலைவரான அவர் திரையில் வருவதே இல்லை. ஒலிபெருக்கியில் குரல் மட்டும். இப்படி ஒரு பாத்திரம் இருந்தால், எடிட்டிங்கில் கதை எங்காவது அறுந்து நின்றாலும் ஓர் அறிவிப்பைப் பதிவுசெய்து ஒட்டிவிடலாம். மறுபடி யாரையும் தளத்துக்கு அழைக்க வேண்டாம். திரையில் அதிகாரம் காட்ட மூக்கில் வெள்ளைக் களிம்போடு திரியும் முகாம் மேற்பார்வையாளர் ‘அக்’ ஒருவரே போதும். கர்க் பெய்லி அதை அற்புதமாகச் செய்தார். பெற்றோர், வீடு, பள்ளி எதற்கும் செட் போட வேண்டியதில்லை.

அடுத்தது வளர்ச்சி. ஓராண்டில் பையனின் குரல் உடைந்துவிடும், உயரம் கூடிவிடும். சிலர் விலகியும் போவார்கள். குடும்பத் தொடரில் மகனை மாற்றினால் உறுத்தும். முகாமிலோ பிள்ளைகள் வருவதும் போவதும் இயல்பு. மைக்கேல் என்ற பையன் போய் இரண்டாம் பருவத்தில் பின்ஸ்கி என்பவன் வந்தது உறுத்தவில்லை. ஆனால் ஓர் இழப்பு உண்டு: புதிதாக வந்து மிரண்டு விழிக்கும் மைக்கேலின் கண் வழியாகத்தான் நாம் முகாமைப் பார்த்தோம். பின்ஸ்கியோ முகாமின் சேட்டைக்காரன் பட்னிக்குக்குச் சளைக்காதவன். அந்தப் பயம் காணாமல் போயிற்று.

டிஸ்னி சேனலின் இன்னொரு முகாம் தொடரான ‘பங்க்ட்’ 2015 முதல் 2024 வரை ஏழு பருவம் ஓடியதும் இதே வழியில்தான். அதன் முக்கியப் பாத்திரங்களான ரவி உள்ளிட்ட ராஸ் உடன்பிறப்புகள் மூன்றாம் பருவத்தோடு விலகினார்கள். முகாமில் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் லூ என்ற பெண்ணை நடுவில் வைத்துத் தொடர் நடந்தது. ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்த உங்கள் கட்டுரையை ஏற்க முடியவில்லை. ‘பங்க்ட்’ ஸ்டூடியோவில் பல கேமராக்களோடு எடுக்கப்பட்டது. அங்கே வெளிச்சம் மாறாது, விமானச் சத்தம் வசனத்தைக் கெடுக்காது; காடு மட்டும் செட்டாகவே தெரியும். ‘சல்யூட் யுவர் ஷார்ட்ஸ்’ பிள்ளைகள் நிஜ வெயிலில் நிஜப் புழுதியில் ஓடினார்கள். அந்த வேறுபாட்டை அடுத்த கட்டுரையிலாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்