டிசம்பர் 25-உம் பாறையில் பிறந்த மித்ராஸும்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய பட்டியல் வந்தது. எகிப்தின் ஹோரஸ், ரோமானியர் வணங்கிய மித்ராஸ், நம் கிருஷ்ணன், சிறு ஆசியாவின் ஆட்டிஸ் என்ற தெய்வங்கள் எல்லோரும் டிசம்பர் 25-இல் கன்னி வயிற்றில் பிறந்தார்களாம், ஆளுக்கு 12 சீடர்களாம், சிலுவையில் இறந்து மூன்றாம் நாள் எழுந்தார்களாம். ஆகவே இயேசு என்பது சூரியனுக்கு இன்னொரு பெயராம். "இதில் எவ்வளவுப்பா உண்மை?" என்று கேட்டிருக்கிறாய். பாதிக்கு மேல் பொய். அதை வைத்துக்கொண்டு, கிறிஸ்தவத்துக்கும் பழைய தொன்மங்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதே. உறவு நிறையவே இருக்கிறது. பட்டியல் போட்டவர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

முதலில் கிருஷ்ணன் வரியை எடு. இதைச் சரிபார்க்க உனக்கு நூலகம் வேண்டியதில்லை. தேவகிக்கு அவன் எட்டாவது பிள்ளை. கன்னி எங்கிருந்து வந்தாள்? பிறந்தது தேய்பிறை அஷ்டமி, ரோகிணி நட்சத்திரம். டிசம்பருக்கு வெகு தூரம். இறந்தது ஜரா என்ற வேடன் காலில் எய்த அம்பினால். நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கதையிலேயே மூன்று தவறு என்றால், தெரியாத எகிப்துக் கதையில் எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பார்.

யோசிக்கவே வேண்டாம், எகிப்தையும் பார்த்துவிடலாம். ஐசிஸ் கன்னியல்ல, ஓசிரிஸின் மனைவி. கணவனை அவன் தம்பி சேத் கொன்ற பிறகு அவன் உடலை மீட்டு, பருந்து உருவில் அதன்மேல் இறங்கிக் கருவுற்று ஹோரஸைப் பெறுகிறாள். அபிடோஸில் எகிப்திய அரசன் முதலாம் சேத்தி கட்டிய கோவில் சுவரில் அந்தக் காட்சியே செதுக்கப்பட்டிருக்கிறது. 12 சீடர்களும் சிலுவையும் எந்த எகிப்தியச் சுவரிலும் இல்லை. அவை 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ஜெரால்ட் மாசி என்ற ஆங்கிலேயரும், 1875-இல் "சிலுவையில் அறையப்பட்ட 16 மீட்பர்கள்" என்று நூலே எழுதிய கெர்சி கிரேவ்ஸ் என்ற அமெரிக்கரும் ஆரம்பித்து வைத்ததை, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி எழுதி உன் போன் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்.

மித்ராஸ் கொஞ்சம் நுட்பமானவர். பாரசீக மித்ரா பழையவர். ரோமானியப் படைவீரர்கள் வணங்கிய மித்ராஸ் வேறு மாதிரி. இவருடைய நிலவறைக் கோவில்கள் கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில்தான் தலைகாட்டுகின்றன, ஏறக்குறைய சுவிசேஷங்கள் எழுதப்பட்ட அதே காலம். சிற்பங்களில் அவர் பாறையைப் பிளந்துகொண்டு, ஒரு கையில் கத்தியும் மறு கையில் தீவட்டியுமாக வெளியே வருகிறார். தாயே இல்லை. டிசம்பர் 25 அவருடைய பிறந்தநாள் என்று சொல்லும் பண்டைய ஆவணம் ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு ஒற்றுமை கல் மாதிரி நிற்கிறது. 2-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவர், மித்ராஸ் சடங்கிலும் அப்பமும் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்துச் சில சொற்கள் ஓதுகிறார்கள் என்று எழுதுகிறார். பேய்கள் நம்மைப் பார்த்துக் காப்பியடித்துவிட்டன என்பது அவர் விளக்கம். விளக்கத்தை விடு, ஒற்றுமையை ஒப்புக்கொள்வது எதிராளி அல்ல, கிறிஸ்தவரே. அதே நூலில், கன்னியிடம் பிறந்தார் என்று நாங்கள் சொல்வது நீங்கள் உங்கள் புராண வீரன் பெர்சியஸைப் பற்றிச் சொல்வதற்கு நிகரானதுதானே என்று ரோமர்களிடம் வாதாடுகிறார். ஒற்றுமை இருக்கிறது என்பது அவருக்குக் கூச்சமாகவே இல்லை.

இப்படி ஒவ்வொரு வரிக்கும் நீ கேட்க வேண்டியது நான்கு. இதைச் சொல்லும் மிகப் பழைய ஆவணம் எது? அதன் வயது என்ன, சுவிசேஷங்களுக்கு (தோராயமாக கி.பி. 70 முதல் 100 வரை) முந்தியதா பிந்தியதா? மூலத்தில் உள்ள சொல் என்ன? ஏனென்றால் மறுபடி சொல்பவர்கள் "முழுகினான்" என்பதை "ஞானஸ்நானம் பெற்றான்" என்றும், "கொல்லப்பட்டான்" என்பதை "சிலுவையில் அறையப்பட்டான்" என்றும் மாற்றிவிடுவார்கள். பாதி ஒற்றுமை இந்தச் சொல்மாற்றத்திலேயே தயாராகிறது. கடைசியாக, இரண்டு கதையும் சந்தித்துக்கொள்ள வழி இருந்ததா? சூரியன் மறைந்து உதிப்பதைப் பார்த்துச் சாவையும் மீட்சியையும் நினைக்க எந்த மக்களுக்கும் யாரும் கற்றுத்தர வேண்டாம். பொதுவான ஒற்றுமை எதையும் நிரூபிக்காது. அற்பமான, தேவையே இல்லாத ஒரு விவரம் இரண்டு இடத்திலும் இருந்தால்தான் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

அப்படிப்பட்ட விவரம் ஜலப்பிரளயக் கதையில் இருக்கிறது. 1872-இல் ஜார்ஜ் ஸ்மித் லண்டனில் படித்துக் காட்டிய, பழைய மெசபடோமியாவின் கில்காமேஷ் காவியத்தின் 11-ஆம் பலகையைப் பார். வெள்ளம் ஓய்ந்ததும், கப்பலில் தப்பிய உத்னபிஷ்டிம் புறாவை விடுகிறான், திரும்புகிறது. தகைவிலான் குருவியை விடுகிறான், திரும்புகிறது. காகத்தை விடுகிறான், திரும்பவில்லை. நோவா முதலில் காகத்தை விடுகிறான், பிறகு மூன்று தடவை புறாவை. பிறகு இருவரும் பலியிடுகிறார்கள். அங்கே தேவர்கள் வாசனை பிடித்து ஈக்கள் போல மொய்க்கிறார்கள், ஆதியாகமம் 8:21-இல் "சுகந்த வாசனையைக் கர்த்தர் முகர்ந்தார்." பறவையும் பலிவாசனையும் ஒரே வரிசையில் தற்செயலாக வராது. வழியும் இருந்தது: யூதர்கள் கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் பாபிலோனிலேயே சிறையிருந்தார்கள். முந்தியது எது என்பதிலும் சந்தேகமில்லை. இதே கதையின் அத்ரஹாசிஸ் வடிவம் கி.மு. 17-ஆம் நூற்றாண்டுக் களிமண் பலகைகளில் கிடைத்திருக்கிறது. மாறியது காரணம்தான். அத்ரஹாசிஸில் மனிதர்கள் போடும் சத்தத்தில் என்லில் தெய்வத்துக்குத் தூக்கம் கெடுகிறது. ஆதியாகமத்தில் மனிதர்களின் அக்கிரமம். எடுத்துக்கொண்டவர்கள் என்ன மாற்றினார்கள் என்பதில்தான் அவர்கள் சமயம் தெரிகிறது. பட்டியல்காரர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

இனி நீ அதிகம் கேட்ட டிசம்பர் 25. இதற்கு ஆதாரம் பெரும்பாலும் ஒரே ஒரு தொகுப்பு, ரோமில் 354-ஆம் ஆண்டு தயாரான நாட்காட்டி. அதில் டிசம்பர் 25-க்கு நேரே "வெல்லப்படாதவரின் பிறந்தநாள், 30 தேர்ப்பந்தயங்கள்" என்ற பொருளில் ஒரு சுருக்கக் குறிப்பு. அது சூரியனைத்தான் சொல்கிறது என்பது அநேகமாக எல்லோரும் ஏற்றது. அதே தொகுப்பில் தியாகிகள் நினைவுநாள் பட்டியலும் இருக்கிறது. அதன் முதல் வரி, டிசம்பர் 25, யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார். அந்தப் பட்டியல் 336-இல் உருவானது என்று கணக்கிடுகிறார்கள். ஆக, இரண்டு விழாவுக்கும் நம் கையில் உள்ள முதல் சான்று ஒரே தொகுப்பில் இருக்கிறது! ஔரேலியன் பேரரசர் 274-இல் சூரியனுக்குக் கோவில் கட்டினார் என்பது சரி. அதைத் திறந்த நாள் டிசம்பர் 25 என்பது பின்னாளில் செய்த ஊகம்.

தேதி சூரிய விழாவிலிருந்து வந்தது என்பதற்கு எதிர்க்கட்சி வாதம் ஒன்று உண்டு, அதையும் தெரிந்துகொள். இயேசு இறந்தது மார்ச் 25 என்ற கணக்கு கி.பி. 200-ஐ ஒட்டி தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளரிடமே இருக்கிறது. கருவுற்ற நாளும் இறந்த நாளும் ஒன்றே என்று நம்பினார்கள். அகஸ்டின் இதை வெளிப்படையாகவே எழுதுகிறார். மார்ச் 25-உடன் 9 மாதம் கூட்டு, டிசம்பர் 25. கிழக்கே ஏப்ரல் 6 என்று எண்ணியவர்களும் உண்டு; அதோடு 9 மாதம் கூட்டினால் ஜனவரி 6, ஆர்மீனியத் திருச்சபை இன்றும் கொண்டாடும் நாள். சூரிய விழாவை மறைக்கத்தான் தேதியை மாற்றினார்கள் என்று நேரடியாகச் சொல்லும் குறிப்பு 12-ஆம் நூற்றாண்டின் சிரியாக் அறிஞர் பார் சலீபியின் கையெழுத்துப் படி ஒன்றின் ஓரத்தில்தான் கிடைக்கிறது, அதுவும் வேறொரு கை எழுதியது. 800 வருடம் கழித்து வரும் சாட்சி!

என் கணிப்பு: கணக்கு முதலில் வந்தது, சூரியன் அதற்குத் துணை நின்றது. மார்ச் 25-உம் டிசம்பர் 25-உம் பழைய ரோமானியக் கணக்கில் சமபகல் நாளும் பகல் மிகக் குறைந்த நாளும்தான். (அன்றைய ரோமானிய நாட்காட்டியான ஜூலியனின் ஆண்டு உண்மையான சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நிமிடம் நீளம், 128 வருடத்துக்கு ஒரு நாள் பிசகும், அதனால் 4-ஆம் நூற்றாண்டில் வானத்தில் பகல் மிகக் குறைந்த நாள் டிசம்பர் 21-ஐ ஒட்டியே வந்தது, தேதி மட்டும் பழக்கத்தில் நின்றுவிட்டது.) சூரியனைத் தவிர்த்துவிட்டு இந்தக் கணக்கைப் போட்டிருக்கவே முடியாது.

சூரிய வழிபாட்டைத் தேட வேண்டிய இடம் வேதாகமத்துக்கு உள்ளேயே இருக்கிறது. 2 இராஜாக்கள் 23:11-இல் யூதாவின் அரசன் யோசியா, கர்த்தருடைய ஆலய வாசலில் சூரியனுக்கென்று வைத்திருந்த குதிரைகளை அகற்றி இரதங்களை எரிக்கிறான். எசேக்கியேல் 8:16-இல் ஏறக்குறைய 25 பேர் எருசலேம் ஆலயத்துக்கு முதுகைக் காட்டி, கிழக்கே பார்த்துச் சூரியனைக் கும்பிடுகிறார்கள். மல்கியா "நீதியின் சூரியன்" உதிக்கும், அதற்குச் செட்டைகள் உண்டு என்கிறார். சிறகு வைத்த சூரியத் தட்டு எகிப்திலும் அசீரியாவிலும் அரச முத்திரை. 5-ஆம் நூற்றாண்டில் போப் லியோ, பேதுரு பேராலயப் படியில் ஏறிய கிறிஸ்தவர்கள் திரும்பி நின்று உதய சூரியனுக்குத் தலைவணங்கிவிட்டு உள்ளே வருகிறார்கள் என்று பிரசங்கத்தில் கடிந்துகொள்கிறார். அதே பேராலயத்துக்கு அடியில் ஒரு பழைய கல்லறைக் கூரையில், தலையைச் சுற்றிக் கதிர் வீசத் தேரோட்டும் ஒருவரின் மொசைக் இருக்கிறது. கிறிஸ்து என்றே பலர் கொள்கிறார்கள். இஸ்ரேலில் உள்ள பெத் ஆல்ஃபா என்ற பழைய யூதத் தொழுகைக்கூடத்தின் தரையில்கூட 12 ராசிகளுக்கு நடுவே சூரியன் தேரில் வருகிறான். படத்தைக் கடன் வாங்குவது வேறு, கதையைக் கடன் வாங்குவது வேறு. சூரியனிடமிருந்து வந்தவை பெரும்பாலும் முதல் வகை.

"12 என்றால் ராசி" என்று யாராவது ஆரம்பித்தால் 1827-இல் பெரெஸ் என்ற பிரெஞ்சு நூலகர் எழுதிய கிண்டலைச் சொல். எல்லாக் கடவுளும் சூரியனே என்ற வாதம் அப்போது பிரான்சில் பிரபலம். அதே முறையில் அவர் நெப்போலியன் பிறக்கவே இல்லை என்று நிரூபித்தார். பெயர் கிரேக்கச் சூரியக் கடவுள் அப்போலோ மாதிரி; தாய் லெட்டிசியா, அப்போலோவின் தாய் லேட்டோ; பிறந்தது தீவில்; நான்கு தம்பிமார் அண்ணன்மார் நான்கு பருவம்; களத்தில் இருந்த 12 மார்ஷல்கள் 12 ராசி; கிழக்கே எகிப்தில் உதித்து மேற்குக் கடலில் மறைந்தார். நெப்போலியன் செத்து அப்போது ஆறு வருடம்தான்.

ஆட்டிஸ் வரியை நீயே செய்து பார். குறிப்பு மட்டும் தருகிறேன். 354 நாட்காட்டியில் மார்ச் 25-இல் ஹிலாரியா என்ற மகிழ்ச்சித் திருவிழா இருக்கிறது. அதை ஆட்டிஸ் உயிர்த்தெழுந்த நாள் என்று சொல்வார்கள். அதற்கு நான்கு நூற்றாண்டு முன் ரோமானியக் கவிஞர் கட்டுல்லஸ் பாடிய ஆட்டிஸ் பாட்டில் உறுப்பை அறுத்துக்கொள்வது உண்டு, எழுவது இல்லை. கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியாஸ் சொல்லும் கதையில் அவன் உடல் அழுகாதிருக்க ஸ்யூஸ் வரம் தருகிறார், அவ்வளவே. ஆர்னோபியஸ் என்ற கிறிஸ்தவர் எழுதிவைத்த வடிவத்தில் முடி வளர்ந்துகொண்டே இருக்கிறது, சுண்டுவிரல் மட்டும் அசைகிறது. ஒவ்வொருவரும் எந்த ஆண்டு என்று வரிசைப்படுத்திவிட்டு, அந்தச் சுண்டுவிரல் அசைவை உயிர்த்தெழுதல் என்று கொள்வாயா, மாட்டாயா என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா