ஆசைக்குச் சமைக்கிறேன், ஆசைக்குத் தைக்கிறேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மகளிர் பக்கத்தில் பொழுதுபோக்குகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பதைப் பற்றி அதில் ஒரு பத்தி இருந்ததைக் கண்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் அந்தப் பத்தியின் பாதி, போர்வையை என்ன விலைக்கு விற்கலாம் என்பதிலேயே போய்விட்டது. வீட்டுச் சமையலைப் பற்றிய பத்தியோ மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்ற கணக்கு. வருமானமும் வேண்டும், சிக்கனமும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் தனக்குப் பிடித்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பெண் ஒன்றைச் செய்யக்கூடாதா? கோயிலுக்குப் போகிறவரிடமும் கிரிக்கெட் பார்க்கிறவரிடமும் யாரும் லாபக் கணக்குக் கேட்பதில்லையே.

எனக்கு 61 வயது. கூட்டுறவு அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பைசா பிசகாமல் வரவு செலவு எழுதிய இந்தக் கைக்கு, அளவு பார்க்காமல் செய்கிற இரண்டு வேலைகள்தான் இப்போது பேரானந்தம். ஒன்று அடுப்படியில், மற்றொன்று தையல் மிஷினில்.

எங்கள் வீட்டில் பீர்க்கங்காய் வாங்கினால் காய் கூட்டுக்கு, தோல் துவையலுக்கு. இந்தச் சித்திரையில் ஒரு நாள் தோலைச் சீவி நல்லெண்ணெயில் வதக்கத் தொடங்கிய பிறகுதான் புளி தீர்ந்துபோனது தெரிந்தது. கிளிமூக்கு மாங்காய் பாதி கிடந்தது. அதைத் துருவிச் சட்டியில் போட்டேன். தோலின் பச்சை வாடை போய், மாங்காயின் புளிப்பு மணம் எழும்பியது. அந்தப் புளிப்புக்கு எப்போதும் போடும் நான்கு மிளகாய் காணாது என்று மூக்கு சொல்லிவிட்டது. இன்னும் இரண்டு மிளகாயும், வழக்கத்தைவிட ஒரு பிடி அதிகமாக வறுத்த உளுத்தம்பருப்பும் சேர்த்து, பருப்பு நறநறவென்று இருக்கும்படி அம்மியில் ஒன்றிரண்டாக அரைத்தேன். அன்று மதியம் சோற்றில் பிசைந்த முதல் கவளத்தில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியை எந்த வரவுப் பத்தியில் எழுதுவது? மிச்சமான புளியின் விலையிலா?

தைக்கும்போதும் என் மனம் இப்படித்தான் ஓடுகிறது. மாதிரித் தாள் கிடையாது, அட்டை வெட்டி வைத்துக்கொள்வதில்லை, அடிக்கோல் கிடையாது. கத்தரிக்கோல் போகிற போக்கில் துணியை வெட்டுகிறேன். ஒரு கோணல் துண்டோடு இன்னொன்றைக் கால் அங்குலம் உள்ளே விட்டுத் தைத்து, தேய்த்து விரித்துப் பார்க்கிறேன். அது எந்த நிறத்தைக் கேட்கிறதோ அதைச் சேர்க்கிறேன். பட்டை குட்டையாக இருந்தால் வேறொரு துண்டு ஒட்டு, நீண்டுவிட்டால் வெட்டு. இப்படிக் கூடிக் கூடி ஓர் ஆள் படுக்கும் அகலம் வந்ததும், அடியில் பழைய படுக்கை விரிப்பும் நடுவில் நைந்த வேட்டியும் வைத்து, மூன்றையும் சேர்த்து கையால் ஓட்டுத்தையல் போடுகிறேன். மற்ற ஊர்களில் நடுவில் பஞ்சு வைப்பார்கள். மதுரை வெயிலுக்கு வேட்டியே தாராளம்.

துணிக்கு நான் எங்கும் அலைவதில்லை. என் அம்மாவின் அரக்கு நிறச் சுங்குடிச் சேலைதான் முதல் போர்வைக்கு முதல் துணி. சௌராஷ்டிரப் பெண்கள் நூலால் முடிச்சு முடிச்சாகக் கட்டி, சாயத்தில் முக்கி, முடிச்சை அவிழ்த்தால் புள்ளி விழுகிற அசல் சுங்குடி. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அம்மாவின் சேலை அதற்கும் மூத்தது. உட்காரும் இடத்தில் கண்ணாடிபோல் நைந்துவிட்டது, கரை மட்டும் இன்னும் வலுவாக இருந்தது. அந்தப் புள்ளிகளை உற்றுப் பார்த்தால் ஒன்றுபோல் ஒன்று இராது. கட்டியவளின் விரல் ஓர் இடத்தில் இறுக்கியிருக்கிறது, ஓர் இடத்தில் தளர்ந்திருக்கிறது. கோணலாக வெட்ட எனக்குத் துணிவு கொடுத்தவை அந்தப் புள்ளிகள்தான்.

இரண்டாவது போர்வையில் நன்றாக அடிபட்டேன். முன்பு புதுமண்டபத்தில் இருந்து, இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கும் தையற்கடைகளைத் தெரியாதவர் மதுரையில் இருக்க மாட்டார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் வேடம் போடுகிறவர்களுக்கு உடை தைப்பது அவர்கள்தான். அங்கே ஒருவரிடம் கேட்டு, சிவப்பும் பச்சையுமாக ஒரு பை நிறைய வெட்டுத்துணி வாங்கிவந்தேன். வெல்வெட்டும் பருத்தியும் மிஷினில் ஒரே வேகத்தில் நகராது என்பது தைக்கும்போதே தெரிந்தது. சிவப்பு சாயம் விடும் என்பது முதல் சலவையில்தான் தெரிந்தது. கூடச் சேர்த்திருந்த சுங்குடித் துண்டுகளின் வெள்ளைப் புள்ளியெல்லாம் ரோஜா நிறம்! அன்று மாலை முழுவதும் அந்தப் போர்வையைக் கொடியில் பார்த்துப் பார்த்து மாய்ந்துபோனேன். இதைத் தொடங்க நினைக்கும் வாசகியருக்கு என் அனுபவத்தில் சொல்கிறேன்: புதுத் துணி எதுவானாலும் தனியாக ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை அலசி, உலர்ந்த பிறகே கத்தரிக்கோலை எடுங்கள்.

உப்பு கூடிவிட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியாது, துணியில் தப்பாகப் போட்ட தையலைப் பிரித்துவிடலாம். ஆனால் வெட்டிய துணி வெட்டியதுதான். குழம்பில் எது குறைந்தாலும் இலையில் விழும்வரை சேர்க்க இடமிருக்கிறது. ஆகவே சமையலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கவும், துணியில் வெட்டுவதற்கு முன் நின்று பார்க்கவும் பழகிக்கொண்டேன். இதை அலட்சியம் என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். அளவு வெளியில் இல்லை, கைக்குள் இருக்கிறது, அவ்வளவுதான்.

என் மாமியாருக்கு 84 வயது. தொடக்கத்தில் கூடத்தில் இந்தப் போர்வையை விரிக்கவே விடவில்லை. "ஒட்டுப் போட்ட துணியை வந்தவர்கள் பார்த்தால் என்னம்மா நினைப்பார்கள்?" என்றார். ஒட்டுப் போட்ட பாவாடையோடு பள்ளிக்கூடம் போய்க் கேலி கேட்டவர் அவர். அந்த வலியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பொங்கலுக்கு மறுநாள் மிஞ்சிய சாம்பார், பொரியல், கூட்டு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டி, கரண்டி நிற்கும் பதத்துக்கு அவர் சுண்டவைக்கும் குழம்புக்குப் பேரப்பிள்ளைகள் தட்டோடு காத்திருப்பார்கள். "அத்தை, நீங்கள் சட்டியில் செய்வதைத்தான் நான் துணியில் செய்கிறேன்" என்று ஒரு நாள் சொன்னேன். பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து மிஷின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அந்தப் பச்சைக்குப் பக்கத்தில் கத்தரிப்பூ நிறத்தை வைக்காதே, இரண்டும் அடித்துக்கொள்ளும்" என்றார். அவர் சொன்னதுதான் சரி.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஆற்று வளைவில் ஜீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர். அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் வழிவந்த பெண்கள், வயல் வேலையில் கிழிந்த உடுப்புகளை மனம்போனபடி இணைத்துக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். அவை 2002இல் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் ஓவியங்களைப்போல் சுவரில் தொங்கின. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை தபால் தலைகளும் வெளியிட்டது. இதற்கெல்லாம் முன்பே, 1966இல், அந்த வட்டாரப் பெண்கள் ஃப்ரீடம் குயில்டிங் பீ என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கி, நகரத்துப் பெரிய கடைகளுக்குத் தைத்துக் கொடுத்தார்கள். கடைகள் எல்லாப் போர்வையும் ஒரே மாதிரி வேண்டும் என்றன. அந்தப் பணம் அவர்களுக்கு மிகவும் தேவைப்பட்டது, அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் விலை உள்ளே வந்ததும் கத்தரிக்கோலின் சுதந்திரம் குறைந்தது என்பதையும் கவனியுங்கள். நமக்குப் பக்கத்திலேயே, கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வழிவந்த 'சித்தி' என்ற இனத்துப் பெண்கள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைக்கும் கவந்திப் போர்வையும் உண்டு. அதைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தால் முதல் ஆளாகப் படிப்பேன்.

இரண்டு வேண்டுகோள்கள். சமையல் குறிப்பில் 'அரைத் தேக்கரண்டி' என்று அச்சிடுவதோடு நிறுத்தாமல், அந்த நேரத்தில் சட்டியில் என்ன மணம் வர வேண்டும், எண்ணெய் எப்படிப் பிரிய வேண்டும், இந்தப் பொருள் இல்லாவிட்டால் எதைப் போடலாம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். மகளிர் பக்கத்தில் மாதம் ஒரு முறையாவது, வருமானம் என்ற சொல்லே இல்லாமல், வாசகியர் ஆசைக்குச் செய்ததை வெளியிடுங்கள்.

இப்போது நான்காவது போர்வை தையலில் இருக்கிறது. ஒரு மூலையில் ஒரு சாண் இடம் இன்னும் நிரம்பவில்லை. அத்தை மஞ்சள் என்கிறார், எனக்கு மனம் செங்கல் நிறத்தில் நிற்கிறது. முடிந்ததும் படம் அனுப்புகிறேன். விலை போடாமல் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருநகர், மதுரை.