நிழல் நகரும்

அன்பு மகளுக்கு,

நேற்று நீ அனுப்பிய வீடியோவை நான்கு முறை பார்த்துவிட்டேன். பந்தைக் கவ்விக்கொண்டு உன் நாய் உருண்டை ஓடி வருகிறான். வாய் காது வரைக்கும் விரிந்திருக்கிறது. "சிரிக்கிறான் பாருங்கப்பா" என்கிறாய். உன் அம்மாவும் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நான் அவன் நாக்கைத்தான் பார்த்தேன். நுனி அகலமாகி, அகப்பை மாதிரி மேலே வளைந்திருந்தது. உன் நிழல் உன் காலடியிலேயே குட்டையாகக் கிடந்தது. உச்சி வெயில் நேரம். அவன் சிரிக்கவில்லையம்மா. உள்ளே ஏறிய சூட்டை வெளியே தள்ள வழி தெரியாமல் தவிக்கிறான்.

இதைப் போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயமும் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

நமக்கு வெயில் பட்டால் உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்கு வியர்ப்பது பாதத்தில் மட்டும், அதனால் பெரிய பயன் இல்லை. அது நம்பியிருப்பது இளைப்பைத்தான், அதாவது நாக்கைத் தொங்கவிட்டு வேகவேகமாக மூச்சு வாங்குவதை. நாக்கிலும் மூக்கின் உட்புறத்திலும் இருக்கிற ஈரம் காற்றில் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. நீளமான மூக்கு இருந்தால் ஈரமான பரப்பும் அதிகம். உருண்டைக்கு மூக்கு எங்கே இருக்கிறது? பக், புல்டாக், பெக்கினீஸ் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சு விடுவதே ஒரு வேலை. இளைக்க இளைக்க அந்த வேலையிலேயே இன்னும் சூடு ஏறும். புழுக்கமான நாளில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் நாக்கு ஈரம் சரியாக ஆவியாகாது. அன்றைக்கு வெப்பமானி காட்டும் எண்ணை நம்பாதே. நாயின் மேல் ஃபேனைத் திருப்பி வைத்துவிட்டால் போதும் என்றும் நினைக்காதே. வியர்க்காத உடம்பில் காற்று மட்டும் பட்டு என்ன ஆகப்போகிறது, கொஞ்சம் தண்ணீரையும் தடவிவிட வேண்டும்.

பந்து விளையாட்டுக்கு வருகிறேன். வெயிலில் நாய் செத்தது என்றால் எல்லோருக்கும் பூட்டிய கார்தான் ஞாபகம் வரும். பிரிட்டனில் கால்நடை மருத்துவப் பதிவுகளை வைத்து 2020-ல் ஓர் ஆய்வு வெளியானது. வெப்பத்தால் பாதிக்கப்பட்டு வந்த நாய்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று, ஓடியும் நடந்தும் விளையாடியும் சூடேறியவை. காரில் அகப்பட்டவை இருபதில் ஒன்றுதான். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. நீ எறிகிற வரைக்கும் அவன் ஓடுவான். போதும் என்று சொல்ல அவனுக்குத் தெரியாது, தெரிந்தாலும் உன்னிடம் சொல்ல மாட்டான். நீதான் நிறுத்த வேண்டும். விடிகாலையில் விளையாடு. சாயங்காலம் என்றால் தரை ஆறியிருக்கிறதா பார். புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு எண்ணு. உன் கை பொறுக்காத இடத்தில் அவன் கால் மட்டும் எப்படிப் பொறுக்கும்? காற்று 25 டிகிரியாக இருக்கும்போதே வெயில் பட்ட தார்ச்சாலை 50-ஐத் தாண்டிவிடும். பாதம் கொப்புளித்தால் வாரக்கணக்கில் நொண்டுவான்.

காரையும் சொல்லிவிடுகிறேன். "அஞ்சே நிமிஷம்" என்று எல்லோரும் சொல்வதுதான். 2005-ல் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் நிறுத்திய காருக்குள் அளந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது, அதில் பெரும்பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்தும் பெரிய வித்தியாசம் இல்லை.

இனி நம் பழைய நாய் மணியின் விஷயம்.

உனக்கு அப்போது ஒன்பது வயது. மணியைப் பாம்பு கடித்துவிட்டது என்று சொன்னேன். அதைக் கேட்டு எத்தனையோ மாதம் நீ இருட்டினால் கொல்லைப்பக்கம் போகவே பயந்தாய். பாம்பு எதுவும் கடிக்கவில்லையம்மா. நான்தான் அவனை வெயிலில் விட்டேன்.

நீயும் அம்மாவும் வெளியூர் போயிருந்த வாரம் அது. வீட்டுக்கு வெள்ளை அடிக்க ஆள் வந்தார்கள், இவன் அவர்களை ஏறவிடாமல் குரைத்தான். காலை எட்டு மணிக்கு மரத்தடியில் நல்ல நிழலாகப் பார்த்துக் கட்டினேன். கிண்ணம் நிறையத் தண்ணீரும் வைத்தேன். அந்த மட்டும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நிழல் நகர்ந்துவிட்டது. மணி அதன் பின்னாலேயே போக முயன்று மரத்தைச் சுற்றிச் சுற்றிச் சங்கிலியை இறுக்கிக்கொண்டான், கிண்ணமும் கவிழ்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் குரைத்தான். ஆட்களைப் பார்த்துக் குரைக்கிறான் என்று விட்டுவிட்டேன். பிறகு சத்தம் அடங்கியது. அப்பாடா என்றுதான் நினைத்தேன்.

ஒரு மணிக்குப் போய்ப் பார்த்தால் ஒருக்களித்துக் கிடந்தான். எச்சில் கயிறு மாதிரி திரிந்து வழிந்தது. ஈறு செங்கல் நிறத்தில் இருந்தது. எழுந்து நிற்க முயன்று பின்னங்கால் மடங்கி விழுந்தான். தூக்கிக்கொண்டு ஓடி, சாக்கை நனைத்து அவன் மேல் போர்த்தி, ஆட்கள் கூடாமல் இருக்க அறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். செய்த ஒவ்வொன்றும் தப்பு. போர்த்திய ஈரச்சாக்கு சிறிது நேரத்திலேயே சூடாகி, உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். சாத்திய அறையில் காற்றும் இல்லை. அப்படியும் மாலையில் தலையைத் தூக்கித் தண்ணீர் குடித்தான், வாலைக்கூட ஆட்டினான். பிழைத்துவிட்டான் என்று டாக்டரிடம் போகவில்லை. மறுநாள் ரத்தமாகப் போனான். சிறுநீர் நின்றது. மூன்றாம் நாள் விடியுமுன் போய்விட்டான்.

பிறகு ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். நாய்க்கு இயல்பான சூடு 38-இலிருந்து 39 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் வரைக்கும். 41-ஐத் தாண்டினால் குடலின் உள்தோல், சிறுநீரகம், கல்லீரல், மூளை எல்லாம் அடிபடும், ரத்தம் உறையும் முறையே கெட்டுவிடும். அந்தச் சேதம் அன்றைக்கே தெரியாமல் இரண்டு மூன்று நாள் கழித்தும் தலைகாட்டும். வாலை ஆட்டியதை நம்பி ஏமாந்தேன்.

அதனால் உருண்டைக்கு அப்படி ஏதாவது என்றால், முதலில் அந்த இடத்திலேயே குளிர வை, பிறகு வண்டியில் ஏற்று. நிழலில் போட்டு உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்று. வயிறு, தொடையிடுக்கு, பாதம் எதையும் விடாதே. ஊற்றிக்கொண்டே விசிறு. ஜில்லென்ற தண்ணீர் ஊற்றினால் அதிர்ச்சியில் செத்துவிடும் என்று பழைய ஆட்கள் சொல்வதைக் கேட்டுத் தயங்காதே. அவன் உடம்பைவிடக் குளிர்ந்த எந்தத் தண்ணீரும் உதவும், தயங்குவதில்தான் ஆபத்து. வாலிப நாயாக, மூச்சு சீராக இருந்தால் தொட்டித் தண்ணீரில் கழுத்து வரை இறக்கலாம். சப்பை மூக்குக்காரனுக்கு அது வேண்டாம், ஊற்றி விசிறினால் போதும். அவனாகக் குடித்தால் குடிக்கட்டும், மயக்கத்தில் வாய்க்குள் ஊற்றாதே, நுரையீரலுக்குள் போய்விடும். காய்ச்சல் மாத்திரை எதையும் கொடுக்காதே. இது காய்ச்சல் இல்லை, அந்த மாத்திரைகளில் பல நாய்க்கு விஷம். ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கி வை. 39.5-க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்து, இல்லாவிட்டால் இயல்பான சூட்டுக்கும் கீழே இறங்கிவிடும். எழுந்து ஓடினாலும் சரி, டாக்டரிடம் காட்டாமல் விடாதே.

வெளியே விட்டால் நீயும் கூடவே இரு. கட்டிப் போடாதே. மரக்கூண்டு, தகரக்கூண்டு எல்லாம் கோடையில் அடுப்புதான். நாலு பக்கமும் திறந்த கூரையின் கீழ், தரையில் படாத உயரமான கட்டில் போட்டால் அடியிலும் காற்று ஓடும். தண்ணீரை இரண்டு மூன்று இடத்தில் வை, கவிழ்க்க முடியாத கனமான பாத்திரமாக. வாயைச் சேர்த்து இறுக்கும் துணி மூடியை வெயிலில் போடவே போடாதே, இளைக்கத்தான் அவனுக்கு வாய். முடியை மொட்டையடிக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டாயாமே, வேண்டாம். முடி வெயிலையும் தடுக்கிறது. உதிர்ந்த முடியைச் சீவி எடுத்தாலே போதும்.

இன்னொன்று. பெயருக்கு ஏற்றபடி அவனை வளர்த்திருக்கிறாய். கொழுப்பு கம்பளி மாதிரி, கோடையில் கழற்றி வைக்க முடியாது. கொஞ்சம் குறை. நீ கோபித்துக்கொள்வாய், பரவாயில்லை.

பாம்பு விஷயத்துக்கும் நீ கோபித்துக்கொள்ளலாம். இருபது வருஷமாக எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நேற்று அந்த நாக்கைப் பார்த்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்று ராத்திரி வீடியோவில் கூப்பிடுகிறேன். முதலில் அவன் முகத்தைக் காட்டு. உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்திவிட்டு எடு. வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்கு வருகிறதா என்று நானும் பார்க்கிறேன். அதற்கப்புறம் உன்னோடு பேசுகிறேன்.

அன்புடன்,
அப்பா