வண்டின் காலில் வந்த சிப்பி: டார்வினுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள டார்வின் ஐயாவுக்கு,

வணக்கம். உங்கள் மகன் பிரான்சிஸ் எழுதிய நினைவுக் குறிப்புகளைப் படித்தேன். தொல்லை கொடுப்பவர்களுக்கு அனுப்பவென்று ஒரு பதில் படிவம் அச்சடித்து வைத்திருந்தீர்களாம். அதை எடுத்ததே அபூர்வமாம். அசட்டுத்தனமாக எழுதியவர்களுக்கும் பதில் போட்டிருக்கிறீர்கள். போடாவிட்டால் மனசாட்சி உறுத்தும் என்பீர்களாம். நெருப்பருகே பெரிய நாற்காலி, அதன் கைகள்மேல் ஒரு பலகை, பலகைமேல் தாள். கடிதங்கள் அதிகமானால் மகனிடம் சொல்லி எழுதவைப்பீர்கள். வெளிநாட்டுக்காரருக்கு என்றால், 'எழுத்து நன்றாக இருக்கட்டும்' என்று மறக்காமல் சொல்வீர்களாம்.

இதை வெறும் மரியாதை என்று என்னால் நினைக்க முடியவில்லை. இங்கிலாந்தில் டவுன் (Down) என்ற உங்கள் கிராமத்தை விட்டு அதிகம் நகராத உங்களுக்கு உலகமே தபாலில்தான் வந்தது. 1881இல் வந்த, மண்புழுக்களைப் பற்றிய உங்கள் நூலுக்காக எங்கள் நீலகிரி மலையின் மண்புழு எச்சம்கூட கல்கத்தா தாவரவியல் பூங்காவின் டாக்டர் கிங் வழியாக உங்களிடம் வந்து சேர்ந்தது. இன்று கிடைத்திருக்கும் கடிதங்கள், நீங்கள் எழுதியதும் உங்களுக்கு வந்ததுமாக, சுமார் 15,000.

அவற்றில் எனக்குப் பிடித்தது 1882 பிப்ரவரியில் வந்த ஒன்று. இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன் நகரில் காலணித் தொழிலில் இருந்த கிரிக் என்பவர் எழுதியது. அவர் பிடித்த நீர்வண்டின் காலை ஒரு சின்னச் சிப்பி கவ்விக்கொண்டிருந்தது. குளத்துச் சிப்பி அடுத்த குளத்துக்கு எப்படிப் போகிறது என்ற கேள்வி உங்களுடைய பழைய கேள்வி. அதற்காக வாத்தின் கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டு, அவற்றில் நத்தைக் குஞ்சுகள் ஒட்டுவதைப் பார்த்தவர் நீங்கள். அப்படியிருக்க சும்மா இருப்பீர்களா? உடனே விவரம் கேட்டு எழுதினீர்கள். அவர் வண்டையே அனுப்பிவிட்டார். ஏப்ரல் 6 அன்று 'நேச்சர்' அறிவியல் இதழில் உங்கள் குறிப்பு வெளியானது. 19ஆம் தேதி நீங்கள் இல்லை.

கிரிக்கின் பேரன்தான் பின்னாளில் டிஎன்ஏவின் வடிவத்தைக் கண்டவர்களில் ஒருவர். எல்லோரும் வியந்து சொல்வது இதைத்தான். நான் திரும்பத் திரும்பப் படித்தது வேறு இடம். வந்து சேர்ந்த வண்டுக்கு இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது. 'லாரல் இலையை நறுக்கிப் போட்ட புட்டியில் அதை வைத்திருக்கிறேன், சிரமமில்லாமல் சீக்கிரம் சாகட்டும்' என்று கிரிக்குக்கு எழுதினீர்கள் (நறுக்கிய லாரல் இலை நச்சு ஆவி விடும்). அப்போது உங்களுக்கு வயது 73. உங்களுக்கே அப்போது உடம்பு முடியவில்லை, ஐயா.

அன்புடன்,
உங்கள் வாசகன்