கூரையில் தொடங்காதீர்கள்: படகு வாங்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டின் ஏரிகளிலும் உப்பங்கழிகளிலும் சுற்றுலாப் படகு விடுவதற்கு ஒப்பந்தப்புள்ளி எழுதுகிற உங்களுக்கு, இருபது ஆண்டுகளாக ஃபைபர் படகு கட்டிவரும் ஒருவன் எழுதுகிறேன். சோலார் படகு வாங்கலாமா என்று இப்போது பல இடங்களில் பேசுகிறார்கள். எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பேச்சு எப்போதும் கூரையில் எத்தனை பேனல் என்ற கேள்வியில்தான் தொடங்குகிறது. அங்கேதான் தவறு நேர்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு படகு பழுது பார்க்க எங்கள் பட்டறைக்கு வந்தது. யாருடையது என்பது வேண்டாம். பழைய டீசல் படகு. இன்ஜினைக் கழற்றிவிட்டு மோட்டார் வைத்து, பின் இருக்கைகளுக்கு அடியில் ஈய பேட்டரிகளை அடுக்கி, கூரைமேல் பேனல்களை முடுக்கியிருந்தார்கள். தண்ணீரில் இறக்கியதும் கடையால் (படகின் பின்பக்கம்) அரை அடி அமிழ்ந்தது, அணியம் (முன்பக்கம்) மேலே தூக்கிக்கொண்டது. நான்கு பேர் ஒரு பக்கமாக நகர்ந்தால் கூரையின் கனம் படகை அந்தப் பக்கமே சாய்த்தது. வேகம் கூட்டினால் பின்னால் பெரிய அலை எழும்பியது. பேட்டரியிலிருந்து போன கரண்டில் பெரும்பங்கு அந்த அலையை எழுப்பத்தான் செலவானது. ஒரு மணி நேரம்கூட ஓடவில்லை. உரிமையாளர் வெயில்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போனார். எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

ஒரு சதுர மீட்டர் பேனல் உச்சி வெயிலில் தருவது ஏறக்குறைய 200 வாட். டீசல் என்றால் டேங்கில் கூடுதலாக ஊற்றிக்கொள்ளலாம். கூரையை அப்படி நீட்ட முடியாது. வேகமோ இரக்கமில்லாதது. மணிக்கு 10 கிலோமீட்டரில் போகும் படகை 12 கிலோமீட்டரில் ஓட்டச் சொன்னால், தேவைப்படும் திறன் ஏறக்குறைய முக்கால் பங்கு கூடிவிடும். அதனால்தான் சோலார் படகு கட்டுகிறவன் முதலில் படகின் உடலைச் செதுக்குகிறான், எடையைக் கிராம் கிராமாகக் குறைக்கிறான். பேனல் கணக்கு கடைசியில்தான் வருகிறது.

இதைச் சரியாகச் செய்து காட்டிய படகு பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. வேம்பநாட்டுக் காயலில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே ஓடுவதற்காகக் கேரள நீர்ப் போக்குவரத்துத் துறை 2017 ஜனவரியில் இறக்கிய 'ஆதித்யா'. கொச்சியில் நவால்ட் நிறுவனம் கட்டியது. 75 பேர் அமரலாம். 20 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், கூரையில் 20 கிலோவாட் பேனல். ஒல்லியான இரண்டு உடல்களைப் பக்கம் பக்கமாக வைத்து மேலே தளம் போட்டிருக்கிறார்கள். ஒல்லியான உடல் தண்ணீரைக் குறைவாகவே கலைக்கும். இரண்டு உடல்கள் விலகி நிற்பதால் கூரைக் கனத்துக்குப் படகு சாயாது. (இந்த வகைப் படகுக்கு உலகம் வழங்கும் 'கேட்டமரான்' என்ற பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை.) பேட்டரி லித்தியம். கரையிலிருந்து கரைக்குக் கால் மணி நேரம்தான். இந்தத் தூரத்துக்கு இந்த வேகம் போதும் என்று முதலிலேயே முடிவு செய்து, அதற்கேற்றபடி கட்டியதுதான் அந்தப் படகின் வெற்றி. 2020-இல் உலகின் சிறந்த மின்படகுகளுக்கான குஸ்தாவ் த்ரூவே விருதும் அதற்குக் கிடைத்தது.

நான் பார்த்த ஒப்பந்தப்புள்ளிகளில் இருக்கை எண்ணிக்கை இருக்கும், குதிரைத்திறன் இருக்கும், முடிவில் குறைந்த விலைக்காரருக்கே வேலை என்று இருக்கும். அந்த வரிகளை வைத்துக்கொண்டு நல்ல சோலார் படகு கட்டவே முடியாது. வாங்கும் விலை டீசல் படகைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். பத்து ஆண்டு டீசலையும் இன்ஜின் பராமரிப்பையும் பேட்டரி மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். ஒரு நாளில் எத்தனை நடை, எவ்வளவு தூரம் என்பதை நீங்களே எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழை நாளில் கரையில் சார்ஜ் ஏற்ற எங்கே வசதி என்பதையும் எழுதுங்கள். படகு வந்ததும் பயணிகளின் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றி, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் தின்கிறது என்று அளந்து பார்த்த பிறகே பணம் கொடுங்கள். மூட்டைகளை ஒரே பக்கமாக அடுக்கிச் சாய்வையும் பாருங்கள்.

பிச்சாவரத்தின் சுரபுன்னைக் கால்வாய்களை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அங்கே யாருக்கும் அவசரமில்லை. தூரமும் குறைவு. மெதுவாக, புகையில்லாமல், கொக்கு பறந்துபோகாதபடி போகிற படகுக்கு அதைவிடப் பொருத்தமான தண்ணீர் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஒப்பந்தப்புள்ளியை எழுதுவதற்கு முன் ஒருமுறை வைக்கம் போய்வாருங்கள். டிக்கெட் எடுத்து, படகு ஓட்டுபவருக்கு அருகில் நின்று, நடுக்காயலில் மோட்டார் எத்தனை கிலோவாட் இழுக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் வரியை எழுதுங்கள்.

இப்படிக்கு,
நாகைக் கடற்கரையிலிருந்து ஒரு படகுப் பட்டறைக்காரன்